ஒரு வருஷம் கேட்ட மனிதர்

போன வாரம் சிவகாசி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன். வெம்பக்கோட்டை வண்டியின் கண்டக்டர் என்னைப் பார்த்துவிட்டு, படியில் தொங்கியபடியே, "நர்ஸம்மா, சேதி தெரியுமா? நம்ம புளு இன்ஸ்பெக்டர் தவறிட்டாக. விருதுநகர்ல, அவுக வீட்ல வச்சு" என்றார். சொல்லிவிட்டு விசில் ஊதினார். வண்டி கிளம்பிப் போய்விட்டது. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. செத்த பிறகுமா ஒரு மனுஷனுக்குப் புழுவின் பெயர்?

அவர் பெயர் தங்கையா. சுகாதார இன்ஸ்பெக்டராக வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிள் மிதித்தவர். நான் அங்கே ஒரு கிராம டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்தேன். பிரசவம் பார்ப்பதும் புண்ணுக்குக் கட்டுப் போடுவதும் என் வேலை, தண்ணீரையும் சாக்கடையையும் பார்ப்பது அவர் வேலை. அவரைத் தெரிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கெட்டிக்காரர், நேர்மையானவர், சிடுசிடுப்பானவர் என்று ஆளுக்கொன்று சொல்வீர்கள். கடைசிவரை எதை நினைத்து அவர் உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தார் என்பது உங்களில் அநேகம் பேருக்குத் தெரியாது.

அவரை நான் முதலில் பார்த்தது ஒரு வாந்திபேதிக் காலத்தில். ஊர் பெயரை எழுதப் போவதில்லை, அந்த ஊர்ப் பெண்கள் இன்றைக்கும் எனக்கு வேண்டியவர்கள். வைப்பாற்று மணலில் குழி தோண்டி, ஊறி வரும் தண்ணீரைச் சிரட்டையால் அள்ளிக் குடித்துவந்த ஊர் அது. அந்த ஊற்றுக்குப் பக்கத்திலேயே நோயாளியின் துணியை அலசியிருக்கிறார்கள். வீட்டுக்கு வீடு பாடை கட்டினார்கள். தங்கையா வந்து இறங்கினார், ஊற்றுக் குழிகளையெல்லாம் மூடச் சொன்னார். ஊருக்கு மேற்கே பாழடைந்து கிடந்த படிக்கிணற்றைத் தூர் வாரி, இடிந்த படிகளைச் சீராகக் கட்டி, சுண்ணாம்பு அடித்து, "இனிமே இதுதான் குடிதண்ணி" என்று ஊரைக் கூட்டிச் சொன்னார். பெண்கள் தயங்கி நின்றார்கள். அவரே இறங்கிப் போய், எல்லோரும் பார்க்க ரெண்டு கை நிறைய அள்ளிக் குடித்துவிட்டு மேலே வந்தார். வாந்திபேதி நின்றது. ஊர்த் தலைவர் சீனிச்சாமி அவருக்கு மாலை போட்டார். பிறகு எப்போது அந்த ஊருக்குப் போனாலும் அந்தக் கிணற்றில் ஒரு வாய் குடிக்காமல் அவர் வந்ததில்லை.

அந்தக் கிணற்றை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். கயிறு கிடையாது, ராட்டினம் கிடையாது. படியில் இறங்கிப்போய்க் குடத்தை முக்கி எடுக்க வேண்டியதுதான். நல்ல மழைக்காலத்தில் மேல்படியிலேயே குடம் நிரம்பிவிடும். பிறகு மழை பொய்த்தது. ஒரு வருஷம் அல்ல, அடுத்தடுத்து. தண்ணீர் கீழே போகப் போக ஆட்களும் கீழே போனார்கள். முழங்கால் தண்ணீருக்குள் நின்றுதான் குடம் நிரப்ப முடிந்தது. அவ்வளவு பேர் கால் பட்ட தண்ணீரைத்தான் ஊரே குடித்தது.

நரம்புச் சிலந்தி வந்தது அப்போதுதான். இப்போதுள்ள பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். கணுக்காலில் ஒரு கொப்புளம் எழும்பும். தீயை வைத்துக் கட்டினது போல எரியும். கொப்புளம் உடைந்தால் உள்ளேயிருந்து வெள்ளை நூல் போல ஒன்று தலை நீட்டும். அது நூல் அல்ல, முழ நீளத்துக்கும் மேலே போகிற புழு. இழுத்தால் அறுந்துவிடும், அறுந்தால் கால் வீங்கிச் சீழ் கோத்துக்கொள்ளும். அதனால் தினம் கொஞ்சமாக ஒரு குச்சியில் சுற்றி எடுக்க வேண்டும். தீப்பெட்டி ஆபீஸிலிருந்து மருந்து தோய்க்காத குச்சிகளை அள்ளிவந்து வைத்திருப்பேன். கோடை உழவு நேரத்தில் ஆம்பளைகள் காலில் குச்சியைக் கட்டிக்கொண்டு வரிசையாகப் படுத்துக் கிடந்தார்கள். பெண்கள் கால் நீட்டியபடியே தீக்குச்சி அடுக்கிக் கஞ்சிக்கு வழி பார்த்தார்கள். விதைக்க நாதியில்லாத கரிசல் அப்படியே வெடித்துக் கிடந்தது.

இதில் ஒரு கொடுமை கேளுங்கள். வாந்திபேதிக் காலத்தில் தங்கையா வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருந்தார், "புண்ணுன்னா சும்மா விடாதீக. சுத்தமான தண்ணியில கழுவுங்க" என்று. அந்த ஊரில் சுத்தமான தண்ணீர் எது? அவர் கட்டிக்கொடுத்த கிணறுதான். எரிகிற காலோடு இறங்கி, கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீருக்குள் விட்டுக் கழுவினார்கள். குளிர்ச்சி பட்டதும் எரிச்சல் அடங்கும். அந்த நொடியில்தான் புழு தன் குஞ்சுகளைத் தண்ணீரில் கக்கும். அவற்றைத் தண்ணீர்ப் பூச்சி தின்னும், பூச்சியோடு சேர்த்து மனுஷன் குடிப்பான். குடித்தது உடம்புக்குள்ளேயே வளர்ந்து, வெளியே தலை காட்ட ஒரு வருஷம் ஆகும். அவர் சொன்ன வார்த்தையை ஒன்றுகூடத் தட்டாமல் கேட்ட ஊர் அது, அதனாலேயே கெட்டது.

அவருக்கு இது விளங்கியது புத்தகத்தைப் படித்து மட்டும் அல்ல. கிணற்றுத் தண்ணீர்தான் காரணம் என்று புத்தகம் சொல்லும், தான் கட்டிய கிணற்றைச் சந்தேகப்பட யாருக்குத்தான் மனசு வரும்? ஊருக்குக் கிழக்கே சேரி. அந்தச் சனங்களை அந்தக் கிணற்றுப் படியில் கால் வைக்க விட்டதில்லை. அவர் மூடச் சொன்ன ஆற்று ஊற்றை அவர்கள் கொஞ்சம் தள்ளிப் புதிதாகத் தோண்டிக் குடித்துவந்தார்கள். வேறு எங்கே போவார்கள்? கார்த்திகை மாதம் ஒரு பகலில் அங்கே அம்மை குத்தப் போயிருந்தோம். எத்தனை கால்களைப் பார்த்தாலும் ஒரு காலில்கூடக் குச்சி இல்லை. தங்கையா மாடத்தி என்ற பெண்ணிடம், "ஒங்க தெருவுல ஒருத்தருக்குமா இந்தப் புழு வரல?" என்று கேட்டார். இதே மாடத்தியைத்தான் ஊற்றுத் தோண்டினதற்காக முன்பு கண்டபடி ஏசியிருந்தார். அவள் சிரிக்காமல் சொன்னாள், "அந்தக் கெணத்துல எறங்க எங்களுக்கு வக்கு இல்ல சாமி. புளுவுக்கும் எங்ககிட்ட வர வக்கு இல்ல போலருக்கு."

அவர் முகம் செத்துப்போனது. ஆற்று மணல் வடிகட்டிக் கொடுத்த ஊற்றைக் கெடுதல் என்று மூடிவிட்டு, ஊரைப் படிக்கிணற்றுக்கு ஓட்டிவந்தவர் அவர். வாந்திபேதியில் அது சரி. மழை பொய்த்தபோது அதுவே விஷமாகிவிட்டது. திரும்பி வரும்போது சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். "ஒரு சீக்க அடைக்க இன்னொரு சீக்குக்குப் படி கட்டிக் குடுத்துட்டேன், நர்ஸம்மா" என்றார்.

மறுநாளே சீனிச்சாமி வீட்டுக்குப் போனோம். படிகளை அடைத்துச் சுவர் எழுப்ப வேண்டும், மேலே ராட்டினம் போட்டுக் கயிற்றில் இறைக்க வேண்டும், ஒரு கால்கூடத் தண்ணீரில் படக்கூடாது. கேட்டது இவ்வளவுதான். அதுவரைக்கும் துணியை நாலாக மடித்து வடிகட்டிக் குடியுங்கள் என்றார் தங்கையா. சீனிச்சாமியின் வீட்டம்மா கதவுக்குப் பின்னாலிருந்து, "கட்டியிருக்கிறதே ஒரு சேலை. எதுல வடிகட்டச் சொல்லுதீக?" என்றாள். அது அவள் வீட்டுக் கஷ்டம் இல்லை, ஊருக்காகக் கேட்டாள். காய்ச்சிக் குடிக்கலாமென்றால் விறகு ஏது? காய்ந்த பருத்திச் செடியை, பருத்திமாரை, எரித்துக் கஞ்சி காய்ச்சுகிற ஊர். கிணற்றுப் படியை அடைத்தால் தவிர வேறு வழியே இல்லை.

சீனிச்சாமி மோசமான மனுஷன் அல்ல. அவருக்கு ஒரே மகன். ஆமத்தூரில் பெண் பேசி, தையில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அந்த ஊரில் ஒரு வழக்கம். வாழவந்த பெண் மாமியார் வீட்டுக்குள் நுழையும் முன் கிணற்றுப் படியில் இறங்கி, வெற்றிலை பாக்கு வைத்துக் கும்பிட்டு, ஒரு கை தண்ணீர் குடித்துவிட்டு, முதல் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். "தை முடியட்டும் சார். அப்புறம் நானே முன்ன நின்னு கட்டித் தாரேன். இப்ப அடைச்சா, கெணறு ஆகாதுன்னு சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சுபோகும். புளு புடிச்ச ஊருன்னு ஆயிட்டா எங்க பயலுகளுக்கு இனி எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு அவரை அடிக்கலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது.

கல்யாணத்துக்கு எங்கள் இரண்டு பேரையும் முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். பெண் பெயர் செல்லத்தாய். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்ளும். தாலி கட்டி முடிந்து கிணற்றுக்கு எல்லோரும் மேளத்தோடு கிளம்பினார்கள். கிணற்று மேட்டில் எங்களுக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். தங்கையா புது வேட்டித் துணியில் வடிகட்டின தண்ணீரை ஒரு செம்பில் கொண்டுவந்திருந்தார். அதைக் குடிக்கவைக்கும்படி சீனிச்சாமியிடம் முந்தினநாளே கெஞ்சியிருந்தார். "சம்பந்திக முன்னால வேண்டாம் சார், கையெடுத்துக் கும்பிடுதேன்" என்றுவிட்டார் அவர். செல்லத்தாய் படி இறங்கினாள். தங்கையா நாற்காலியிலிருந்து எழுந்தார். நாலுபேர் திரும்பிப் பார்த்தார்கள். சீனிச்சாமி தூரத்திலிருந்தே கையைக் குவித்தார். தங்கையா உட்கார்ந்துவிட்டார். அவள் குனிந்து ஒரு கை அள்ளிக் குடித்தாள். குலவைச் சத்தம் காதைப் பிளந்தது.

சீனிச்சாமி சொன்ன சொல் தவறவில்லை. மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் மறுவீட்டுக்குக் கிளம்பிய கையோடு கல் இறக்கிப் படிகளை அடைத்தார். ராட்டினம் வந்தது, கயிறு வந்தது. சேரிச் சனங்களும் வந்து இறைத்துக்கொள்ளட்டும் என்று தங்கையா கேட்டுப் பார்த்தார். அந்தப் பேச்சை மட்டும் யாரும் காதில் வாங்கவில்லை. யாராவது மனமிரங்கி ஊற்றுவார்களா என்று மாடத்தி மேட்டுக்குக் கீழே குடத்தோடு காத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆற்று ஊற்றும் அந்த வருஷம் வற்றிக்கொண்டு வந்தது. இதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அந்தக் கோடை போய், மறு வருஷம் மாசியில் மறுபடியும் கொப்புளம் கிளம்பியது. ஒன்றா இரண்டா, தெருவுக்குத் தெரு. சுவர் வைப்பதற்கு முன்னால் குடித்தது அப்போது வெளியே வருகிறது. எனக்கும் அவருக்கும் அது தெரியும். ஊருக்கு எப்படித் தெரியும்? படியை அடைத்தும் வந்துவிட்டதே, அடைத்ததால்தான் கிணற்றம்மன் கோபித்துக்கொண்டாள் என்று பேச்சு பரவியது. கயிறு இழுத்துக் கை பொத்துப்போன பெண்களுக்கும் ஆத்திரம். ஒரு காலையில் கடப்பாரையோடு சுவரை இடிக்கக் கூடிவிட்டார்கள். ஆள் விட்டு எங்களுக்குச் சொல்லி அனுப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது. நாங்கள் போகும்போது முதல் கல்லை அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

தங்கையா சுவரில் முதுகை வைத்து உட்கார்ந்து, இடது காலை நீட்டி, வேட்டியை விலக்கினார். கணுக்காலில் கொப்புளம், அதிலிருந்து வெள்ளை நூல். எனக்கே அப்போதுதான் தெரியும். "சொவரு வைக்கிறதுக்கு முன்னால ஒங்க கெணத்துல நான் குடிச்ச தண்ணி இது" என்றார். "சொவரு வச்ச பெறகு கயிறு போட்டு எறச்சுக் குடிச்சீகள்ல, அதோட பலன் இனிமேத்தான் தெரியும். ஒரே ஒரு வருசம் குடுங்க. அப்பவும் புழு வந்துச்சுன்னா சொவத்தோட சேத்து என்னையும் இடிங்க." எரிகிற காலோடு, தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அதைத் தொடாமல் ஒரு மனுஷன் பிச்சை கேட்டதை நான் பார்த்தேன். கூட்டத்தில் ஒருவன், "ஒரு வருசம் ஒழவு இல்லாம ஒங்க வீட்லயா வந்து திங்கிறது?" என்றான். கடப்பாரை மறுபடியும் உயர்ந்தது.

அப்போது செல்லத்தாய் வந்தாள். நிறைமாசம். காலைத் தரையில் ஊன்ற முடியாமல் ஒருத்தியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவள் காலிலும் குச்சி கட்டியிருந்தது. சீனிச்சாமியைப் பார்த்து, "மாமா, எங்க ஆமத்தூர்ல எறைக்கிற கெணறு. எங்க வீட்ல ஒருத்தருக்கும் இது வந்தது கெடையாது. கல்யாணத்தன்னிக்குத்தான் நான் இந்தப் படியில எறங்கிக் குடிச்சேன். மறுவீடு போயிட்டு வாரதுக்குள்ள நீங்க அடைச்சிட்டீக. அதுக்கப்புறம் கயித்துத் தண்ணிதான். அந்த ஒரு வாய்க்குத்தான் எனக்கு இது. இடிச்சிராதீக" என்றாள். வாழவந்த பெண் அத்தனை ஆம்பளைகளுக்கு முன்னால் வாய் திறந்தது அந்த ஊரில் அதுதான் முதல் தடவை. சீனிச்சாமி போய்க் கடப்பாரையை வாங்கிக்கொண்டார். சுவர் நின்றது.

செல்லத்தாய்தான் நிலைக்கவில்லை. பிரசவம் நான்தான் பார்த்தேன், பெண் குழந்தை, சுகமாகத்தான் பிறந்தது. நான் அந்தப் பக்கம் திரும்பின நேரத்தில், வந்திருந்த சொந்தக்காரி ஒருத்தி, பச்சை உடம்புக்காரிக்குக் காலில் இந்த அசிங்கம் எதற்கு என்று புழுவை ஒரே இழுப்பாக இழுத்திருக்கிறாள். அறுந்துவிட்டது. அந்தப் புண்ணில் சாணியையும் சாம்பலையும் அப்பிக் கட்டிவிட்டாள். சில நாளில் ரண ஜன்னி கண்டு செல்லத்தாயின் தாடை பூட்டிக்கொண்டது. தீப்பெட்டி லோடு ஏற்றிக்கொண்டு போன லாரியை மறித்து, பெட்டிகளை இறக்கிவிட்டு, அவளை ஏற்றி விருதுநகருக்குக் கொண்டுபோனோம். தங்கையா அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். லாரி குலுங்கும்போதெல்லாம் அவள் உடம்பு வில்லாக வளைந்தது. அந்தப் பாதையில் குழி இல்லாத இடமே கிடையாது. ஆஸ்பத்திரியில் அவர்களால் ஆனதைச் செய்தார்கள். அவள் பிழைக்கவில்லை.

அடுத்த வருஷக் கோடையில் அந்த ஊரில் ஒரு காலிலும் புழு இல்லை. கோடை உழவு நடந்தது. மாலையோடு வந்த சீனிச்சாமியைத் தங்கையா வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். நான் திட்டினேன், இப்படியா செய்வது என்று. "அன்னைக்கு நான் எந்திரிச்சேன், நர்ஸம்மா. நீங்க பாத்தீகள்ல? எந்திரிச்சவன் நாலு படி எறங்கி அந்தப் பிள்ள கையத் தட்டிவிட்டிருக்கலாம். மரியாத பாத்துட்டு ஒக்காந்துட்டேன்" என்றார். "நீங்க தட்டிவிட்டிருந்தா ஊரே ஒங்கள அடிச்சிருக்கும்" என்றேன். "அடிச்சிருக்கட்டுமே" என்றார்.

பிறகு எத்தனையோ ஊர்களில் படிகளை அடைத்தார். அந்தக் கால் சரியாகவே இல்லை, முட்டி மடங்காது. ஒற்றைக் காலால் சைக்கிள் மிதித்தவரைப் பார்த்துத்தான் புழு இன்ஸ்பெக்டர் என்று சிரித்தார்கள். அவர் அந்தப் பெயரை மறுக்கவே இல்லை, எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

கண்டக்டர் சொன்ன அன்றே விருதுநகருக்குப் போனேன். எடுத்துவிட்டிருந்தார்கள். பந்தலுக்குள் சீனிச்சாமி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார், தளர்ந்துபோயிருந்தார். என்னைப் பார்த்ததும், "எங்க ஊரக் காப்பாத்துன மகராசன் போயிட்டாக" என்றார். தங்கையா இருந்தால் அந்த வார்த்தையைக் கேட்டுக்கொண்டு அங்கே இருந்திருக்க மாட்டார். "செல்லத்தாயையும் சேத்துச் சொல்லுங்க ஐயா" என்றேன். பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அவருடைய பொறுமையையும் உழைப்பையும் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், பாராட்டுங்கள். எனக்கு அது வேண்டாம். கல்யாணத்தில் எழுந்து, மறுபடி உட்கார்ந்த அந்த மனுஷனின் ஆறாத புண்தான் எனக்கு வேண்டும். அதற்கு நான் மருந்து போடப் போவதில்லை. இப்போதெல்லாம் எந்த வீட்டு விசேஷத்திலும் பிள்ளை வாயில் ஆகாத தண்ணீரை ஊற்றப் போனால், பந்தியிலிருந்து எச்சில் கையோடு எழுந்துபோய்த் தட்டிவிடுகிறேன். சண்டைக்காரி என்று பெயர் வாங்கியாகிவிட்டது, சில வீடுகளில் என்னைக் கூப்பிடுவதும் இல்லை. அவர் உட்கார்ந்துவிட்ட நாற்காலியிலிருந்து ஒவ்வொரு தடவையும் நான் எழுந்துகொண்டிருக்கிறேன்.